ஒரு தட்டு என்றால் நில்

இது நடந்தது. கட்டிச் சொல்ல எனக்குத் தெரியாது, அதற்கு அவசியமும் இல்லை. சங்கரன்கோவிலில் கல்யாணச் சமையல் எடுக்கிறவர்கள் யாரையாவது நிறுத்தி, "ஜெபஸ்டினோட பிளேன் வண்டி என்னாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டிருந்த ஆள் சட்டென்று பேச்சை மாற்றுவார். வெங்காய விலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

பேய் என்றால் அமாவாசை, புளியமரம், வெள்ளைச் சேலை என்று ஆசைப்பட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இதில் நடந்ததெல்லாம் பகலில். அதுவும் உச்சி வெயிலில், ஐந்நூறு பேர் பந்திக்குக் காத்திருந்த இடத்தில்.

ஜெபஸ்டினுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. கல்யாணம், சபை விருந்து, காதுகுத்து, எதுவானாலும் சமையல் ஒப்பந்தம் எடுப்பான். அவன் மட்டன் பிரியாணிக்காகவே மறுவீட்டைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் உண்டு. அவனுக்கு வலதுகை பெத்துராஜ். திருவேங்கடம் வழியில் ஓடிய தனியார் பஸ்ஸில் இருபது வருடம் கண்டக்டர். பஸ் நின்றுபோனதும் இவனோடு வந்து சேர்ந்தவர். அவரை வேலையாள் என்று யாராவது சொன்னால் ஜெபஸ்டினுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தகப்பன் இல்லாத பையனாக அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில், பஸ்ஸில் அவனுக்கு ஒருநாளும் டிக்கெட் கிழிக்காதவர் பெத்துராஜ். "ஏலே, நீ எம்புள்ள மாதிரி, ஏறு" என்பார். அந்த ஒரு வார்த்தையை அவன் மறக்கவே இல்லை.

இப்போதெல்லாம் கட்டுகிற மண்டபங்களைப் பார்த்திருப்பீர்கள். தாலி கட்டுவது கீழே, சாப்பாடு மாடியில். கொதிக்கிற சாம்பார் அண்டாவை நான்கு பேர் பிடித்துக்கொண்டு படியேறுவது எவ்வளவு பெரிய தண்டனை என்று கட்டிட இன்ஜினியர்களுக்கு யார் சொல்வது? ஒருமுறை கால் வழுக்கி, ரசம் கொட்டி, ஒரு ஆளுக்குத் தொடையே வெந்துபோனது. அதிலிருந்து ஜெபஸ்டின் வழி தேடிக்கொண்டே இருந்தான்.

வழி காட்டியவர் பழைய வண்டி புரோக்கர் முகம்மது மைதீன். விமானத்துக்குச் சாப்பாடு ஏற்றுகிற வண்டி ஒன்று ஏலத்தில் கிடக்கிறது என்றார். பார்க்கச் சாதாரண பெட்டி லாரிதான். ஆனால் விசையை அழுத்தினால், கத்தரிக்கோல்போல் விரிகிற இரும்புக் கால்களின்மேல் பெட்டி அப்படியே எழும்பும். நிற்கிற விமானத்தின் கதவு உயரத்துக்கே போய் நிற்கும். பெட்டிக்கு முன்னால், டிரைவர் தலைக்கு நேர் மேலே, கம்பித் தடுப்பு போட்ட ஒரு சின்ன மேடை. அந்த மேடையை விமானக் கதவோடு ஒட்டவைத்து, சாப்பாட்டுத் தள்ளுவண்டிகளை உள்ளே தள்ளிவிடுவார்கள்.

விமானத்தின் வாசலில் நிறுத்தலாம் என்றால், மண்டபத்து மாடியில் நிறுத்த முடியாதா?

போய்ப் பார்த்தார்கள். பெரிய நகரத்து விமான நிலையம் ஒன்றின் பின்பக்கக் காலி இடம். வண்டி நன்றாகத்தான் இருந்தது. மேடையின் முன்கம்பி மட்டும் புதுசு. மற்றதெல்லாம் வெயிலில் வெளுத்துக் கிடக்க, அந்தக் கம்பிக்கு மட்டும் பளிச்சென்று மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"இது என்ன பாய், இங்கன மட்டும் புதுசா இருக்கு?"

"நின்ன பிளேன்ல லேசா உரசிட்டானாம் வே. பிளேனுக்கு ஒண்ணும் ஆவல. ஒரே ஒரு கீறல்தான். ஆனா அவுங்க சட்டம் அப்படி. கீறல் விழுந்த பிளேனை உடனே பறக்க விடமாட்டான். உரசுன வண்டியையும் கழிச்சிருவான்."

"நின்னுக்கிட்டு இருக்க பிளேன்ல போயி இடிச்சிருக்கான் பாரும். கண்ண எங்க வச்சிருந்தான்?" என்றார் பெத்துராஜ். மூன்று பேரும் சிரித்தார்கள்.

சிரித்ததை நினைத்தால் இப்போதும் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது என்று ஜெபஸ்டின் என்னிடம் சொன்னான்.

வண்டி ஊருக்கு வந்ததும் பார்க்கக் கூட்டம். "பிளேன் வண்டி" என்று பெயர் விழுந்தது. ஜெபஸ்டினின் மனைவி எஸ்லின் சபை ஐயரைக் கூட்டிவந்து ஜெபம் பண்ண வைத்தாள். அவர் ஆமென் சொல்லி முடிக்கும்முன் பெத்துராஜ் பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டார். "ரெண்டு பக்கமும் சொல்லியாச்சு. இனி எவன் கண்ணும் படாது" என்றார்.

வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் பிறகு நடந்தது புரியும். விதிப்படி வண்டியை நிறுத்தி, பெட்டியை உயர்த்திய பிறகு சக்கரத்தை அசைக்கவே கூடாது. ஆனால் மண்டபத்து சன்ஷேடும் தூணும் இடிக்காமல் இருக்க, உயர்த்திய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் எடுக்க வேண்டியிருந்தது. கேபினில் உட்கார்ந்த ஜெபஸ்டினுக்கு எதிரே சுவர் மட்டும் தெரியும். மேலே ஒன்றும் தெரியாது. அந்த மேடையில் பெத்துராஜ் நின்று, கம்பிக்கு மேல் எட்டிப் பார்த்து, பின்னால் இருக்கிற தகரப் பெட்டியில் தட்டுவார்.

கண்டக்டர் கை. இரண்டு தட்டு என்றால் வா. ஒரு தட்டு என்றால் நில். நம் பக்கம் பஸ்ஸில், லாரியில், மினி வேனில் எல்லாம் அதுதானே கணக்கு. சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

பெத்துராஜின் விரலில் ஒரு செப்பு மோதிரம் உண்டு. அதனால் அவர் தட்டினால் வெறும் 'டம்' கேட்காது. கூடவே 'டிங்' என்று ஒரு சத்தம் ஒட்டிக்கொண்டு வரும். டம்டிங்.

முதல் தடவை அது கேட்டது, வண்டி வந்த நான்காம் நாள்.

மத்தியானம். ஜெபஸ்டின் வண்டியை நிறுத்துகிற தகரச் செட்டுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தான். மேலே யாரும் இல்லை. பெட்டியும் இறங்கித்தான் இருந்தது. பின்சுவருக்கு இன்னும் நான்கு முழம் பாக்கி.

டம்.

தலைக்கு மேலே. ஒரே ஒரு தட்டு.

கால் தானாக பிரேக்கை மிதித்தது. பழக்கம். இறங்கிப் பார்த்தான். யாரும் இல்லை. பூனைகூட இல்லை. பெத்துராஜ் வெளியே நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்க தட்டுனீங்களா?"

"நான் இங்கன நிக்கேன். என் கை அங்கனவரைக்கும் நீளுமா? வெயிலுக்குத் தகரம் விரிஞ்சிருக்கும் மக்கா."

சரிதான் என்று விட்டுவிட்டான். ஆனால் மறுநாளும் கேட்டது. அடுத்த வாரமும் கேட்டது. எப்போதும் ஒரே ஒரு தட்டு. ரோட்டில் ஓடும்போது கேட்காது. பின்னால் எடுக்கும்போதும் கேட்காது. ஏதாவது ஒரு சுவரைப் பார்த்து முன்னால் போகும்போது மட்டும்தான் கேட்கும்.

வெயில் விழாத நிழலில் கூடக் கேட்டது... அதை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் கழுகுமலை ரோட்டில் ஒரு கல்யாணம். பதினொன்றே முக்காலுக்குச் சாப்பாடு மேலே போக வேண்டும். பெட்டி உயர்ந்துவிட்டது. பெத்துராஜ் மேடையில். ஜெபஸ்டின் முதல் கியரில் ஊர்ந்தான். இரண்டு தட்டு, வந்தான். மறுபடியும் இரண்டு தட்டு, வந்தான். பிறகு ஒன்று. பிரேக்கில் கால் போனது. போன அதே நொடியில் இன்னொன்று.

ஒன்று, ஒன்று. ஆக இரண்டு. இன்னும் வரச் சொல்கிறார் என்று காலை எடுத்தான்.

மேலே பெத்துராஜ் அலறிய அலறலில் மண்டபத்துச் சமையல்கட்டே வெளியே வந்துவிட்டது.

"ஏலே! கொன்னுருவியோ! யாருல வரச் சொன்னா?"

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை உள்ளே இழுக்கவும், கம்பி தூணில் போய் முட்டவும் சரியாக இருந்தது. ஒரு நொடி பிந்தியிருந்தால் தலை நசுங்கியிருக்கும். அவர் நெற்றியில் சிமென்ட் தூசி ஒட்டியிருந்தது.

"நீங்கதானே ரெண்டு தட்டுனீங்க!"

"ஒண்ணுதாம்ல தட்டுனேன்! இருவது வருசம் தட்டுன கை, எனக்கு எண்ணத் தெரியாதா?"

"ரெண்டு கேட்டுது அண்ணாச்சி. சத்தியமா."

"உன் காதுல பிரியாணியா அடைச்சிருக்கு?"

அன்றைக்குச் சாப்பாடெல்லாம் முடிந்து பாத்திரம் கழுவும்போதுதான் அவனுக்கு அது உறைத்தது. முதல் தட்டு டம்டிங். இரண்டாவது வெறும் டம்.

அதில் மோதிரம் இல்லை.

கையிலிருந்த சட்டி நழுவியது. எஸ்லினிடம் சொன்னான். அவள், "வித்துத் தொலைங்க அந்த வண்டிய" என்றாள். பெத்துராஜிடம் சொன்னான். அவர் பீடியை அணைத்தார். பிறகு சிரித்தார்.

"எதுவா இருந்தாலும் இருந்துட்டுப் போவுது. நாம கணக்க மாத்துவோம். இனி தட்டுக்கு மதிப்பு கிடையாது. என் பழைய விசில் பொட்டியில கெடக்கு. ரெண்டு விசில் வா. ஒரு விசில் நில்லு. தகரம் தட்டும், விசில் அடிக்குமா?"

"கழுத்துல கயிறு போட்டுக் கட்டிக்கிடுங்க அண்ணாச்சி."

"நான் என்ன டிரில் வாத்தியாரா? பல்லுலயே கடிச்சிக்கிடுவேன், போ."

விசில் நன்றாகவே வேலை செய்தது. ஐந்தாறு கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. தட்டு மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும், சுவர் கிட்டே வரும்போது, டம். மோதிரம் இல்லாத டம். ஜெபஸ்டின் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகினான். தட்டினால் தட்டிவிட்டுப் போகட்டும் என்று விசிலுக்கு மட்டும் காதைக் கொடுத்தான். அதில் அவனுக்கு ஒரு பெருமைகூட. பேயை ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்தான், பாவி மனிதன்.

ஆவணி மாத முகூர்த்தம். திருவேங்கடம் ரோட்டு மண்டபம். நல்ல வெயில். மாப்பிள்ளை வீட்டார் செண்டை மேளம் வைத்திருந்தார்கள். வண்டிக்குப் பத்தடி தள்ளி பன்னிரண்டு பேர் நின்று அடித்தார்கள். சீட்டெல்லாம் அதிர்ந்தது.

மணி பன்னிரண்டு பத்து. மாடியில் இலை போட்டாயிற்று.

ஜெபஸ்டின் பெட்டியை உயர்த்தினான். மேளத்தையும் மீறி விசில் கேட்டது. இரண்டு. நகர்ந்தான்.

இரண்டு. நகர்ந்தான்.

சுவர் கிட்டே வந்தது. மூன்று முழம் இருக்கும். இனி ஒரு விசில் வரும். வந்ததும் நிறுத்த வேண்டும்.

டம்.

மோதிரம் இல்லை. தட்டியது அவர் அல்ல. அவன் காதில் வாங்கவில்லை.

டம்.

சீ, போ என்றான் வாய்விட்டு.

டம்... டம்... டம்...

இதுவரை ஒருபோதும் இப்படித் தட்டியதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. ஒன்று. ஒன்று. ஒன்று. யாரோ அவசரப்படுகிற மாதிரி. அழுகிற மாதிரி.

விசில் எங்கே?

வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது.

டம். டம். டம்.

விசில்...

அப்போது கண்ணாடியின் மேல் ஏதோ விழுந்தது. டக்கென்று. சறுக்கி வந்து வைப்பரில் சிக்கி நின்றது.

பெத்துராஜின் விசில்.

பிரேக்கை மிதித்தான். முழுப் பலத்தோடு மிதித்தான். வண்டி நின்றது.

நின்றுதான் விட்டது. ஆனால் சுவருக்கும் மேடைக்கும் நடுவே இருந்த இடமும் முடிந்திருந்தது.

குதித்து இறங்கி மேலே பார்த்தான்.

பெத்துராஜ் கம்பிக்கு மேல் குனிந்த நிலையில் இருந்தார். கம்பிக்கும் மண்டபத்துத் தூணுக்கும் நடுவில் அவர் நெஞ்சு. இரண்டு கைகளும் நெஞ்சோடு மாட்டியிருந்தன. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. கண் அவனைப் பார்த்தது.

மேளக்காரர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது.

அந்தச் சத்தத்திலும்...

டம்.

டம்.

அவர் கைகள் இரண்டும் அவன் கண்முன்னால் மாட்டியிருந்தன. பெட்டிக்குப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. தட்டு மட்டும் கேட்டது.

ஏறி உட்கார்ந்தான். பின்னால் எடுக்க வேண்டும். கியர் விழவில்லை. கர்த்தாவே, கர்த்தாவே என்று கத்தினான். கியர் விழுந்தது. வண்டி பின்னால் போனது. மேலே ஏதோ தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டது.

அதோடு தட்டும் நின்றது.

பெத்துராஜ் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிரோடு இருந்தார். ஜெபஸ்டின் தரையில் உட்கார்ந்தபடியே கிடந்தான். போலீஸ் வந்தது, கேட்டது, எழுதிக்கொண்டு போனது. அவனுக்கு ஒன்றும் மனதில் பதியவில்லை. அவர் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவன் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கண் திறந்தார். குரல் காற்றாக வந்தது.

"மக்கா... உம்மேல தப்பு இல்ல."

"பேசாதீங்க அண்ணாச்சி."

"ஒரு பய நின்னான்ல. கம்பிக்கு அந்தப் பக்கம்... தூணுக்கும் கம்பிக்கும் நடுவுல."

கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க இடமே கிடையாது. அங்கே தரை இல்லை. வெறும் அந்தரம்.

"சின்ன வயசுதான். பளபளன்னு பச்சைச் சட்டை. காதுல பெருசா மூடி மாட்டிருந்தான். யாருலன்னு கேட்க வாயைத் தொறந்தேன்... விசில் விழுந்துட்டு."

"அண்ணாச்சி..."

"அவன் உன்ன நிறுத்தச் சொல்லித் தட்டுனான் மக்கா. கைய எனக்கு மேல நீட்டி... பெட்டியில தட்டிக்கிட்டே இருந்தான். உனக்குக் கேக்கலயா?"

ஜெபஸ்டின் அவர் காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கேட்டது என்று எப்படிச் சொல்வான்?

விடியும்முன் பெத்துராஜ் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஜெபஸ்டின் முகம்மது மைதீனின் சட்டையைப் பிடித்தான். அவருக்கும் உண்மையில் ஒன்றும் தெரியாது. ஆனால் பயந்துபோய் நாலு பேரிடம் விசாரித்து, அந்த வண்டியை முன்பு ஓட்டிய டிரைவரின் நம்பரை வாங்கிக்கொடுத்தார்.

அந்த டிரைவரும் நம் பக்கத்து ஆள்தான். முன்பு லாரி ஓட்டியவர். இப்போது எந்த வண்டியும் ஓட்டுவதில்லை என்றார்.

"அங்கன கைச் சைகைதான் சட்டம். கீழ ஒருத்தன் நின்னு கை காட்டணும். அன்னைக்கு ஆள் கம்மி. லிங்கேஷ்னு ஒரு தம்பி, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. பிளேன் சத்தத்துக்குக் காதுல மூடியை மாட்டிக்கிட்டு மேடையில ஏறிக்கிட்டான். 'அண்ணே, நான் தட்டுதேன், நீங்க வாங்க'ன்னான். எத்தனையோ வருசம் லாரியில தட்டு கேட்டே ஓட்டுனவன் நான். சரின்னுட்டேன்."

அவர் மூக்கைச் சிந்துகிற சத்தம் போனில் கேட்டது.

"ஒண்ணு தட்டுனான். பிரேக்குல கால் வச்சேன். வண்டி லேசா உருண்டுது. பயந்துபோயி இன்னொரு தடவை நில்லுன்னு தட்டிருக்கான். அதுவும் ஒண்ணுதான். ஆனா எனக்கு ரெண்டால்ல கேட்டுது? ரெண்டுன்னா வாதானே... நான் போனேன். அவன் திரும்பவும் நில்லு, நில்லுன்னு தட்டுதான். எனக்கு வா, வான்னு கேக்குது. தட்டு நிக்கிற வரைக்கும் போனேன் அண்ணாச்சி."

ஜெபஸ்டின் ஒன்றே ஒன்று கேட்டான்.

"பிளேன்ல ஒரு கீறல்தான் விழுந்துச்சுன்னு சொன்னாங்களே?"

"ஆமா. நடுவுல அந்தத் தம்பி இருந்தான்லா. அதனால பிளேனுக்கு ஒண்ணும் ஆவல."

மறுநாள் செய்தியில், விமானம் ஆறு மணி நேரம் தாமதம், பயணிகள் அவதி என்று போட்டிருந்தார்களாம். சாப்பாடு தரவில்லை என்று பயணிகள் சண்டை போட்டதும் அதில் வந்திருந்தது. லிங்கேஷின் பெயர் வரவில்லை என்று அந்த டிரைவர் அழுதார்.

ஜெபஸ்டின் அந்த வண்டியை உடைத்துத் தகரமாக்கிவிடத்தான் நினைத்தான். முடியவில்லை. அது கடனில் வாங்கிய வண்டி. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்ததும் கடன் கொடுத்தவர்களே அதை எடுத்துக்கொண்டு போய் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் ராயகிரியில் சமையல் ஒப்பந்தம் எடுக்கிற பெருமாள்சாமி. ஜெபஸ்டின் நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னான். காலில் விழாத குறை. அவர் மரியாதையாக உட்காரவைத்து, கலர் சோடா வாங்கிக்கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டார்.

"உங்க மனசு கஷ்டத்துல அப்படித் தோணுது அண்ணாச்சி. நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

எஸ்லினும், "நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லிட்டீங்க. இனி கர்த்தர் விட்ட வழி" என்றாள்.

போன தை மாதம், ஒரு முகூர்த்த நாள். மத்தியானம். ஜெபஸ்டின் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தான். அவன் இப்போது சமையல் எடுப்பதில்லை. போன் அடித்தது. பெருமாள்சாமி.

பின்னணியில் நாதஸ்வரம், கூட்டம், பாத்திரச் சத்தம். வண்டி இன்ஜின் ஓடுகிற சத்தம்.

"அண்ணாச்சி, நல்லா இருக்கீகளா? வண்டியிலதான் உக்காந்திருக்கேன். நீங்க சொன்னது சும்மா நெனப்பு வந்துது, அதான் அடிச்சேன். மேல நம்ம ஆளு ஒருத்தன் நிக்கான். மாடிக்கு இன்னும் ரெண்டு முழம்தான்."

"நிறுத்துங்க" என்றான் ஜெபஸ்டின். எழுந்துவிட்டான். "இறங்கிப் பாருங்க. மேல போயிப் பாருங்க."

"என்ன சொல்லுதீக? நாதஸ்வரத்துல கேக்கல..."

அப்போது போனுக்குள் அது கேட்டது.

டம்.

மோதிரம் இல்லாதது. ஒரு தட்டு. நில் என்கிற தட்டு.

அதோடு ஒட்டி, அடுத்த நொடியே...

டம்டிங்.

ஜெபஸ்டினுக்கு அந்தக் கை தெரியும். அந்த மோதிரத்தோடுதான் அவரை அடக்கம் செய்தார்கள். அந்த விரலிலிருந்து அதைக் கழற்ற முடியவில்லை.

"நிறுத்துங்க! அது ரெண்டு இல்ல! ஒண்ணு, ஒண்ணு! ரெண்டு பேரு தட்டுதாங்க, நில்லுன்னு தட்டுதாங்க!"

தொண்டை கிழியக் கத்தினான். எஸ்லின் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். போனில் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது.

"ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி. அப்புறமா கூப்புடுதேன்" என்றார் பெருமாள்சாமி. குரலில் சிரிப்பு இருந்தது. "மேல ரெண்டு தட்டிட்டாங்க. வரச் சொல்லுதாங்க."

போன் கட்டானது.